எம்.சி.பி.க்குள் எழும் மின்வில்: அறிந்து கையாளும் முறை

ஷார்ட் சர்க்யூட்டினால் டிரிப் ஆன எம்.சி.பி.யை, அதாவது மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடும் சிறு பாதுகாப்பு சுவிட்சை, உடனே மேலே தள்ளிவிடுவது பலரது வழக்கம். அதற்கு முன், உள்ளே என்ன நடந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது. தொடுமுனைகள் விலகத் தொடங்கும்போது, மின்னோட்டம் முழுவதும் கடைசியாக ஒட்டியிருக்கும் ஓரிரு நுண்புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துப் பாய்வதால், அங்குள்ள உலோகம் உருகி, இழுபட்டு, ஆவியாகிறது. அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் அயனியாகி மின்சாரத்தைக் கடத்துவதால், இடைவெளி விழுந்த பின்னும் மின்னோட்டம் நிற்பதில்லை. இதுவே மின்வில். இதன் வெப்பம் 6,000 டிகிரி செல்சியசையும் தாண்டக்கூடும். 1,085 டிகிரியில் உருகிவிடும் செம்பு இதற்கு எம்மாத்திரம்!

பழைய எம்.சி.பி. ஒன்றைப் பிரித்தால், ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிய மெல்லிய எஃகுத் தகடுகள் தெரியும். காந்தவிசையால் அந்த அடுக்குக்குள் தள்ளப்படும் மின்வில் பல துண்டுகளாகிறது. ஒவ்வொரு துண்டும் நிலைத்து எரிய ஏறத்தாழ 20 முதல் 30 வோல்ட் வரை தேவைப்படுவதால், வீட்டு மின்னழுத்தத்தால் அத்தனைக்கும் ஈடுகொடுக்க முடிவதில்லை. மாறுமின்னோட்டம் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதும் மின்வில் அணைவதற்கு உதவுகிறது. நேர்மின்னோட்டத்தில் (டி.சி.) அந்த வசதி இல்லை. ஆகவே, மொட்டைமாடி சோலார் தகடுகளிலிருந்து வரும் இணைப்புக்கு டி.சி.க்கென்றே செய்த பிரேக்கரைத்தான் பொருத்த வேண்டும்.

வாங்கும்போது, கட்டத்துக்குள் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 6000 என்றால், 6,000 ஆம்பியர் வரையிலான ஷார்ட் சர்க்யூட்டை அதனால் துண்டிக்க முடியும் என்று பொருள். டிரான்ஸ்ஃபார்மருக்கு மிக அருகிலுள்ள அடுக்ககங்களுக்கு 10000 தேவைப்படலாம். டிரிப் ஆனால், அந்தச் சர்க்யூட்டிலுள்ள சாதனங்களின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒருமுறை மட்டும் போடுங்கள். மீண்டும் விழுந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை தொட வேண்டாம். ஒவ்வொரு ஷார்ட்டும் தொடுமுனையைச் சிறிது அரித்துவிடுகிறது.

என் கருத்தில், தகடுகளுக்குள் எழும் மின்வில்லைவிடத் தளர்ந்த டெர்மினல் திருகில் எழும் சிறு பொறியே ஆபத்தானது. அங்கே அதை அணைக்கத் தகடுகள் இல்லை. மின்னோட்டமும் அளவுக்குள்ளேயே இருப்பதால் எம்.சி.பி.யும் விழாது. பெசன்ட் நகர், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று திருகுகளை விரைவில் அரிக்கும். எனவே, ஏசி இடைவிடாமல் ஓடும் கோடைக்கு முன், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு எம்.சி.பி. பெட்டியைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள். மெயினை அணைத்தாலும் அதற்கு உள்வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வயரின் உறை பழுப்பேறியிருந்தால், திருகை முறுக்கிவிடுவது மட்டும் போதாது. கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி இணைக்க வேண்டும்.