ஆராய்ச்சி மாணவர்களுக்கு: அலுவலக அறிவிப்புகளைப் படிப்பதும் பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பதும்

பிஎச்.டி.க்குப் பதிவு செய்த முதல் மாதத்திலேயே மெயில் பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். அறிமுகக் கூட்டம், நூலகப் பயிற்சி, ஆய்வு நெறிமுறை விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம், எங்கோ நடக்கும் கருத்தரங்குக்கான அழைப்பு என்று எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். எதைத் தவறவிட்டால் பட்டம் தள்ளிப்போகும், எதைத் திறக்காமலே விடலாம் என்று புதிதாக வந்தவருக்குச் சொல்லித் தர ஆள் கிடைப்பது அபூர்வம். "ஆராய்ச்சியைப் பார், இதெல்லாம் குமாஸ்தா வேலை" என்று சொல்லும் சீனியர்களும் உண்டு. அதை என்னால் ஏற்க முடியாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆய்வு, ஒரே ஓர் ஒப்புதல் கடிதம் இல்லாததால் மாதக்கணக்கில் நின்றுபோவது அநியாயம்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். எந்தத் துறையில் ஆராய்ச்சி செய்தாலும் இந்த முறை பொருந்தும்.

படி 1: கையேட்டிலிருந்து உங்கள் தேதிகளை எடுங்கள்

ஆராய்ச்சிப் பட்டங்களுக்கு என்று ஒரு கையேடோ விதிமுறைத் தொகுப்போ உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கும். முழுவதையும் உட்கார்ந்து படிக்க வேண்டாம். பதிவான நாள், முதல் மதிப்பாய்வு, ஆண்டு முன்னேற்ற அறிக்கை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அனுமதிக்கும் முதல் நாள், சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள், உதவித்தொகை முடியும் நாள் ஆகியவற்றை மட்டும் தேடி எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டும் ஒரே நாளாக இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் அப்படி இல்லை. பதிவு இன்னும் மிச்சமிருக்கும்போதே உதவித்தொகை நின்றுவிடலாம். அந்த இடைவெளி எத்தனை மாதம் என்று முதலாண்டிலேயே தெரிந்தால், எழுதும் வேலையை அதற்கேற்ப முன்னே நகர்த்தலாம். வெளிநாட்டில் படிப்பவர்கள் விசா முடியும் நாளையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: மெயில்களைப் பிரியுங்கள்

ஆராய்ச்சி அலுவலகம், துறை அலுவலகம், நிதிப் பிரிவு ஆகிய மூன்று முகவரிகளிலிருந்து வரும் மெயில்கள் தானாகவே ஒரு தனி லேபிளுக்குப் போகும்படி ஃபில்டர் போடுங்கள். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் இது ஐந்து நிமிட வேலை. பயிற்சி அறிவிப்புகளுக்கு வேறொரு லேபிள். மிச்சமெல்லாம் பொதுப் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

படி 3: ஓர் அறிவிப்பை எப்படிப் படிப்பது?

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். கீழே உள்ளது நானே எழுதிய மாதிரி. ஆனால் உங்களுக்கு வருவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"இரண்டாம் ஆண்டு முழுநேர மாணவர்கள் தங்கள் ஆண்டு முன்னேற்ற அறிக்கையை மார்ச் 14 மாலை 5 மணிக்குள் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். நெறியாளரின் ஒப்புதலும் ஆய்வுக் குழு உறுப்பினர் ஒருவரின் கருத்தும் இல்லாத அறிக்கைகள் பரிசீலிக்கப்படமாட்டா."

முதலில், இது யாருக்கு? இரண்டாம் ஆண்டு, முழுநேரம். நீங்கள் பகுதிநேரம் என்றால் உங்கள் தேதி வேறாக இருக்கும், மெயில் உங்களுக்கும் வந்திருந்தாலும் சரி. அடுத்து, என்ன செய்ய வேண்டும்? எழுதினால் மட்டும் போதாது, பதிவேற்ற வேண்டும். மூன்றாவது, வேறு யாருடைய கை இதில் பட வேண்டும்? நெறியாளர், அப்புறம் குழு உறுப்பினர் ஒருவர்.

அந்த மூன்றாவது கேள்விதான் உண்மையான கடைசித் தேதியைக் காட்டிக்கொடுக்கும். மார்ச் 14 என்பது அலுவலகத்தின் தேதி. குழு உறுப்பினர் படித்துக் கருத்து எழுத ஒரு வாரம் வைத்தால், மார்ச் 7க்குள் அறிக்கை அவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன் நெறியாளர் படித்துத் திருத்தம் சொல்லி, நீங்கள் சரிசெய்ய இன்னும் பத்து நாள். ஆக, உங்கள் வரைவு பிப்ரவரி 25 வாக்கில் தயாராக வேண்டும். நாள்காட்டியில் குறிக்க வேண்டியது அந்த 25ஐத்தான். நெறியாளர் அந்த நேரத்தில் ஊரில் இருப்பாரா என்று பிப்ரவரி தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 4: ஒரே ஒரு அட்டவணை

எக்செல் ஆகட்டும், கூகுள் ஷீட் ஆகட்டும், ஒரே ஃபைல் போதும். அறிவிப்பு, அலுவலகத் தேதி, என் தேதி, யார் ஒப்புதல், முடிந்ததா என்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அந்த லேபிளைத் திறந்து, புதிதாக வந்தவற்றை இதில் ஏற்றுங்கள். இதற்கென்று தனி ஆப் எதுவும் தேவையில்லை.

படி 5: விதி மாறினால்

சமர்ப்பிக்கும் முறை மாறும், வார்த்தை வரம்பு மாறும், கட்டாயப் பயிற்சிகள் கூடும். இப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால் பதறுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இது புதிதாகச் சேருபவர்களுக்கா, ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்குமா? சுற்றறிக்கையில் தெளிவாக இல்லையென்றால் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். கவுன்டரிலோ தொலைபேசியிலோ கேட்டால் பதில் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் இரண்டு வருடம் கழித்து அதைக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. மெயில் சிறியதாக இருக்கட்டும்:

"வணக்கம். என் பதிவு எண் இது. நான் இந்த மாதம், இந்த ஆண்டு முழுநேர மாணவராகப் பதிவு செய்தேன். புதிய வார்த்தை வரம்பு பற்றிய சுற்றறிக்கை எனக்கும் பொருந்துமா, அல்லது நான் பதிவு செய்தபோது இருந்த விதியே தொடருமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன்."

ஒரு மெயிலில் ஒரு கேள்விதான். மூன்று கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். வந்த பதிலை பிடிஎஃப் ஆக்கி, தேதியைப் பெயரில் போட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடல்நிலை, குழந்தைப் பிறப்பு, குடும்பத்தில் நெருக்கடி என்று ஆராய்ச்சியை நிறுத்திவைக்க நேர்ந்தால், அதற்கு முறைப்படி இடைநிறுத்தம் கேட்க வழி இருக்கிறது. ஒப்புதல் கிடைத்தால் பொதுவாக அந்த மாதங்கள் உங்கள் காலவரம்பில் சேராது. ஆனால் நடந்து முடிந்த மாதங்களுக்குப் பின்னால் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். "கொஞ்சம் சமாளித்துப் பார்ப்போம்" என்று அரை வருடத்தை இழப்பவர்கள் அந்த அரை வருடத்தை எழுதும் கட்டத்தில்தான் தேடுவார்கள். கஷ்டம் தொடங்கும்போதே நெறியாளரிடமும் அலுவலகத்திடமும் பேசுங்கள். விண்ணப்பிக்கும் முன் உதவித்தொகைக்கும் விசாவுக்கும் இதனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த விதி உங்களுக்காகத்தான் இருக்கிறது.

படி 6: கட்டாயப் பயிற்சிகளை முதலில் முடியுங்கள்

ஆய்வு நேர்மை, ஆய்வு நெறிமுறை, தரவுப் பாதுகாப்பு, ஆய்வகப் பாதுகாப்பு ஆகியவை பெரும்பாலும் கட்டாயம். பெரும்பாலும் இணையவழிதான், ஒவ்வொன்றும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இவற்றில் நெறிமுறைப் பயிற்சியைத் தள்ளிப்போடவே கூடாது. மனிதர்களிடம் பேட்டி எடுப்பதானாலும், கேள்வித்தாள் கொடுப்பதானாலும், நோயாளிகளின் பதிவுகளைப் பார்ப்பதானாலும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்த ஹெல்சிங்கி பிரகடனத்தின் இன்றைய வடிவம், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே அதன் திட்டம் ஒரு குழுவின் முன் வைக்கப்பட வேண்டும் என்கிறது. மருத்துவத்துக்கு வெளியேயும் நடைமுறை இதுதான். சேகரித்து முடித்த தரவுக்குப் பின்தேதியில் ஒப்புதல் பொதுவாகக் கிடைக்காது. பல ஆய்விதழ்கள் ஒப்புதல் எண்ணைக் கேட்கும். குழு தினமும் கூடுவதுமில்லை. அதன் கூட்டத் தேதிகளைக் கேட்டு வாங்கி, திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்ற கணக்கோடு விண்ணப்பியுங்கள்.

படி 7: மற்ற பயிற்சிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தலைப்பு கவர்ச்சியாக இருக்கிறது என்று பதிவு செய்யாதீர்கள். அடுத்த ஆறு மாதத்தில் உங்கள் ஆய்வில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இது எனக்குத் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தெரியாதவைதான் உங்கள் பயிற்சிப் பட்டியல். நான்கு மாதத்தில் பேட்டிகள் தொடங்கும் என்றால் பேட்டி எடுக்கும் முறை, ஒப்புதல் படிவம் தயாரிப்பது, பேட்டியை எழுத்தாக்கிப் பகுப்பாய்வு செய்வது இவை இப்போது வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும் பயிற்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டியல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. பிரிட்டனின் வைட்டே அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வாளர் மேம்பாட்டுச் சட்டகம், ஓர் ஆய்வாளருக்குத் தேவையானவற்றை நான்காகப் பிரிக்கிறது: துறை அறிவும் சிந்தனைத் திறனும், தன்னைத்தானே நிர்வகிப்பது, ஆய்வை விதிப்படி நடத்துவது, ஆய்வை மற்றவர்களிடம் கொண்டுசேர்ப்பது. நம்மில் பெரும்பாலோர் முதல் பிரிவிலேயே நின்றுவிடுகிறோம்.

எந்தத் துறைக்கும் முதலாண்டிலேயே பயன்படும் சிலவற்றைச் சொல்கிறேன். மேற்கோள்களை நிர்வகிக்க ஜொடேரோ என்ற மென்பொருள். இலவசம், 2006 முதல் இருக்கிறது. இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு கற்பதைவிட இருபது இருக்கும்போது கற்பது எளிது. ஆர்கிட் எண்ணைப் பயிற்சிக்குக் காத்திராமல் இன்றே பதிவு செய்துவிடலாம். அதே பெயரில் இன்னொரு ஆய்வாளர் இருந்தாலும் உங்கள் கட்டுரைகள் உங்கள் கணக்கிலேயே சேர உதவும் 16 இலக்க எண் அது. வேர்டில் எழுதுபவர்கள், தலைப்புகளைக் குறித்துவைத்துப் பொருளடக்கத்தைத் தானாக உருவாக்க உதவும் ஸ்டைல் வசதியை ஒரு மதியம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். முந்நூறு பக்கத்துக்குப் பொருளடக்கம் கையால் தட்டச்சு செய்யும் துன்பம் யாருக்கும் வேண்டாம்.

நிரல் எழுதத் தெரியாமல் தரவோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு 'தி கார்பென்ட்ரீஸ்' பட்டறைகளைப் பரிந்துரைப்பேன். ஆர், பைத்தான் என்ற நிரல் மொழிகளையும், ஃபைல்களில் செய்த மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் என்ற கருவியையும் ஆய்வாளர்களுக்கென்றே அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறார்கள். பட்டறையில் இடம் கிடைக்காவிட்டாலும் பாடங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன.

பேசப் பழக வேண்டுமா? குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேடு போட்டி இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஒரே ஒரு ஸ்லைடு, மூன்று நிமிடம், ஒரு விநாடி தாண்டினாலும் தகுதியிழப்பு. பரிசு கிடைக்கிறதோ இல்லையோ, உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் சொல்லும் பழக்கம் வந்துவிடும். அந்த வாக்கியம் ஆய்வேட்டின் முன்னுரைக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் நேராகப் பயன்படும்.

படி 8: பதிவு செய்த பிறகு

இடம் நிரம்பியிருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுங்கள், கடைசி நேரத்தில் இடம் காலியாவது வழக்கம். உங்களால் போக முடியாவிட்டால் உடனே ரத்து செய்யுங்கள், இன்னொருவர் காத்திருப்பார். பயிற்சி முடிந்த அதே வாரத்தில், கற்றதை உங்கள் சொந்தத் தரவில் ஒருமுறை செய்து பாருங்கள். மாதிரித் தரவில் வேலை செய்த கட்டளை சொந்தத் தரவில் வேலை செய்யாமல் போகும்போதுதான் நிஜமான கேள்விகள் எழும், பயிற்றுநருக்கு அப்போது எழுதினால் அவருக்கும் உங்களை நினைவிருக்கும்.

சான்றிதழையும், தேதி, மணி நேரம், எதற்குப் பயன்பட்டது என்ற ஒரு வரியையும் அதே அட்டவணையின் இரண்டாவது தாளில் ஏற்றிவிடுங்கள். ஆண்டு அறிக்கையில் "மேற்கொண்ட பயிற்சிகள்" என்ற பகுதி வரும்போது அப்படியே எடுத்து ஒட்டலாம்.

ஏற்கெனவே ஓர் ஆண்டு ஓடிவிட்டவர்கள் பழைய மெயில் எல்லாவற்றையும் தோண்ட வேண்டாம். படி 1இல் சொன்ன தேதிகளை எடுங்கள், கட்டாயப் பயிற்சிகளில் எது பாக்கி என்று அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். பதில் வந்ததும் அங்கிருந்தே அட்டவணையைத் தொடங்கலாம்.