பரிணாமப் பாடத்துக்குச் சொட்டு நீலமும் கொண்டைக்கடலையும்

பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் எடுக்கும்போது பிரெஞ்சு உயிரியலாளர் லாமார்க்கைக் கேலிக்கு ஆளாக்காதீர்கள். முதல் சில வருடம் நானும் எட்டி எட்டித் தின்றதால் ஒட்டகச்சிவிங்கி கழுத்து நீண்டது என்ற அவர் விளக்கத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். பிள்ளைகளுக்குச் சிரிப்பு மட்டும்தான் நினைவில் நின்றது. உயிரினங்கள் மாறுகின்றன என்று 1809-லேயே விரிவாக எழுதியவர் அவர்.

கரும்பலகையில் இரண்டு கேள்விகளை எழுதுங்கள். வேறுபாடு எங்கிருந்து வருகிறது? அது பிள்ளைக்கு எப்படிப் போகிறது? லாமார்க்கிடம் இரண்டுக்கும் பதில் உண்டு: உறுப்பைப் பயன்படுத்துவதால் வருகிறது, அப்படியே பிள்ளைக்கும் போகிறது. 1859-ல் இயற்கைத் தேர்வை (சூழலுக்குப் பொருந்தும் வேறுபாடு கொண்டவை பிழைத்துப் பெருகுவதை) விளக்கிய டார்வினிடம்தான் உறுதியான பதில் இல்லை. உடலின் எல்லாப் பாகங்களும் வெளிவிடும் நுண்துகள்கள் பிள்ளைக்குப் போகின்றன என்று 1868-ல் அவர் முன்வைத்த யோசனைப்படி, வாழ்நாளில் பெற்ற பண்பும் பிள்ளைக்குப் போகலாம். இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, கண்ணாடித் தம்ளரில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர். பாதியைக் கொட்டிவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஐந்து முறை செய்தால் 32-ல் ஒரு பங்கு நீலம்தான் மிஞ்சும். பெற்றோர் பண்புகள் இப்படிக் கலக்குமென்றால் ஒரு நல்ல வேறுபாடு கரைந்து போகாதா என்று 1867-ல் பிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் கேட்டார். இங்கே அவசரப்படாதீர்கள். "அப்போ டார்வின் தோத்துட்டாரா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள்.

அப்புறம் துணிப்பையை எடுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலை 20, வெள்ளை 20. ஒவ்வொரு கடலையும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும் ஒரு பண்பின் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் இரண்டிரண்டாக எடுத்து ஜோடி சேர்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கட்டும். எத்தனை முறை குலுக்கினாலும் கறுப்பு கரைவதில்லை. 1866-ல் மெண்டல் பட்டாணியில் கண்டு வெளியிட்டது இதைத்தான். 1900 வரை அது கவனிப்பாரற்றுக் கிடந்தது.

உயிரியலாளர் வைஸ்மன் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டியும் குட்டிகள் வாலோடே பிறந்த சோதனையை லாமார்க்குக்கு மறுப்பாகச் சொல்லாதீர்கள். வெட்டுப்பட்ட வால் பயன்பாட்டால் வந்த மாற்றம் அல்ல. லூரியா, டெல்புருக் என்ற இரு விஞ்ஞானிகள் 1943-ல் செய்த சோதனை இதைவிட நல்லது. தனித்தனிக் குழாய்களில் வளர்த்த பாக்டீரியாவை, அதைக் கொல்லும் வைரஸ் பூசிய தட்டுகளில் பரப்பினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகுதான் எதிர்ப்பு உண்டாகிறது என்றால் எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை பிழைத்திருக்க வேண்டும். பல தட்டுகளில் ஒன்றுமே இல்லை. சிலவற்றில் நூற்றுக்கு மேல். அதாவது எதிர்ப்பு, வைரஸைச் சந்திக்கும் முன்பே தற்செயலாக வந்திருந்தது. அந்தத் தட்டுகளைப் பலகையில் வரைந்துவிட்டு, சாக்பீஸை ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். முதல் கேள்விக்கு எதிரே பதிலை அவளே எழுதட்டும்.