பழைய சுவர் மூச்சுவிட வேண்டும்: கடைவீடுகளைப் புதுப்பிக்கையில் நேரும் தவறுகள்

1989 ஜூலையில் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் உள்ளிட்ட இடங்கள் பாதுகாப்புப் பகுதிகளாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதால், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த அங்குள்ள கடைவீடுகள் இடிபடாமல் தப்பின. அப்படித் தப்பிய வீடே பிறகு புதுப்பிப்பவர் கையில் சிக்கித் தன் அடையாளத்தை இழந்துவிடுவதும் உண்டு.

அதிகம் நேர்வதும் அதிகக் கேடு விளைவிப்பதும், சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய செங்கல் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதுதான். அந்தக் காலத்துச் சுவர்களில் தரையின் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் பெரும்பாலும் கிடையாது. செங்கல் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் உள்ளேயே தங்கி மேலேறி, உப்புப் பூக்க வைத்துச் செங்கல்லை அரிக்கிறது. சிராங்கூன் சாலையருகே ஒரு கடைவீட்டின் ஐந்தடிப் பாதையில் (முகப்பையொட்டிய கூரையுள்ள நடைபாதையில்) நின்று அப்படிப் பூசிய சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். இடுப்பளவு உயரம்வரை பொள்ளென்று ஒலித்தது. பூச்சு பெயர்ந்து விழுந்திருந்த இடத்தில் விரல் பட்டதும் செங்கல் செந்தூளாக உதிர்ந்தது. ஈரத்தை வெளியே விடாத பிளாஸ்டிக் வண்ணமும் இதே கேட்டைத்தான் செய்யும்.

சுண்ணாம்பு வலுவற்றது என்று எண்ணுவோர், 1861இல் முதல் வழிபாடு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த ‘மதராஸ் சுண்ணம்’ பூசப்பட்டது. நம் மண்ணிலிருந்து வந்த அந்தக் கைவேலையின் வழிவந்த பூச்சைக் கொத்தி எறிவதைக் காண நெஞ்சு பொறுக்கவில்லை.

அடுத்த தவறு, முகப்பை மட்டும் விட்டுவைத்து உள்ளே அனைத்தையும் அகற்றிவிடுவது. வெளிச்சமும் காற்றும் இறங்கும் திறந்த முற்றத்தை மூடி, மர உத்தரங்களையும் படிக்கட்டையும் எடுத்துவிட்டால், எஞ்சுவது வெறும் முகமூடிதான். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் இயன்றவரை தக்கவைப்பதையே முதலில் வைக்கிறது. சன்னல் கதவின் அடிக்கட்டை மட்டும் உளுத்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டால் போதும். கதவையே மாற்றத் தேவையில்லை. சான்று ஏதுமின்றிப் புதுப் பூவேலைகளைச் சேர்ப்பதும் தவறுதான்.

வேலை தொடங்குமுன் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பழைய வண்ண அடுக்குகளை முழுவதும் சுரண்டிவிடாமல், மறைவான ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்காவது அப்படியே விட்டுவைத்தால், அடுத்த முறை புதுப்பிக்க வருபவர் அந்த வீடு முதலில் எந்த நிறத்தில் இருந்தது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.