கிணற்று நீச்சலை நம்பி ட்ரையத்லானில் இறங்கியவளின் குறிப்புகள்

எனக்கு நீச்சல் பழக்கியது தென்காசிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா உள்ளே தள்ளிவிட்டார். நான்காம் நாள் குடுக்கை இல்லாமலே நீந்தினேன். அந்தத் தைரியத்தில்தான் 41 வயதில், சென்னை மேடவாக்கத்தில் மருந்துக்கடை நடத்திக்கொண்டே, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே போட்டியில் முடிக்கும் ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்தேன். வேளச்சேரி நீச்சல் குளத்தில் முதல் நாள் 50 மீட்டர் கடப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. பக்கத்து லேனில் ஒரு பொடியன் அதற்குள் மூன்று முறை போய்த் திரும்பியிருந்தான்.

இன்று வரை சின்னப் போட்டிகள் நான்கு, கோவாவில் மிராமர் கடற்கரையில் ஒரு பாதி தூரப் போட்டி முடித்திருக்கிறேன். பதக்க மேடையில் ஏறியதில்லை. "எப்படி ஆரம்பிப்பது?" என்று கேட்பவர்களிடம் கடை கல்லாவில் நின்றபடி சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தூரக் கணக்கு முதலில். ஸ்பிரின்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அப்படியே இரட்டிப்பு: 1.5, 40, 10, எல்லாம் கிலோமீட்டரில். பாதி தூரம் 1.9, 90, 21.1. முழு தூரம் 3.8, 180, 42.2. முதல் போட்டி ஸ்பிரின்டாகவே இருக்கட்டும். ஓரளவு நடமாடும் உடம்பு என்றால் வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரப் பயிற்சியில் மூன்று நான்கு மாதத்தில் முடித்துவிடலாம். நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர் இருப்பவர்கள், பணம் கட்டும் முன் டாக்டரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

நீச்சலைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். பாதிப் பேர் பயப்படுவது அதற்குத்தான். கிணற்றில் பழகியவர்கள் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்துவோம். தலை மேலே வந்தால் கால் கீழே போகும். அப்புறம் உடம்பைச் சுமையாக இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். முகம் தண்ணீருக்குள், கண் குளத்தின் தரையைப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்க முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும். மூச்சுத் திணறுவதற்குக் காரணமும் பெரும்பாலும் காற்று போதாதது அல்ல, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாததுதான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழ் விட்டுக்கொண்டே இருங்கள். அப்பா கிணற்று மேட்டிலிருந்து கத்தியதும் இதேதான்: "ஏட்டி, மூச்ச விடு! தண்ணி ஒன்னத் தூக்கும்." பயிற்சியாளருக்குக் காசு கட்டித் திரும்பக் கற்றுக்கொண்டேன்.

முதல் ஆறு வாரம் வேகத்தை மறந்துவிடுங்கள். 50 மீட்டர் நீந்தி அரை நிமிடம் ஓய்வு, இப்படிப் பத்துத் தடவை. அது சுலபமான பிறகு 100 மீட்டர், 20 விநாடி ஓய்வு, பத்துத் தடவை. வாரம் மூன்று நாள் குளம். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் கிடப்பதைவிட மூன்று நாள் முக்கால் மணி நேரம் மேல்.

கடல் வேறு சமாச்சாரம். சென்னையை அடுத்த கோவளத்தில் முதல் முறை இறங்கியபோது, 200 மீட்டர் தாண்டியதும் கீழே தரை தெரியவில்லை. நெஞ்சு படபடத்தது, கை தன் பாட்டுக்குத் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தேன். வானத்தைப் பார்த்து இருபது வரை எண்ணி, ஒவ்வொரு எண்ணுக்கும் மூச்சை முழுக்க வெளியே விட்டேன். படபடப்பு அடங்கியது, திரும்பி நீந்தினேன். போட்டியிலும் இதற்கு அனுமதி உண்டு. எந்த மாதிரி நீச்சலும் அடிக்கலாம், படகையோ மிதவையையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதைப் பிடித்தபடி முன்னே நகரத்தான் கூடாது. ஆறேழு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே எடுத்துத் திசை பாருங்கள். இல்லாவிட்டால் எங்கேயோ போய் நிற்பீர்கள். தனியாகக் கடலில் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர், இடுப்பில் கட்டும் வண்ண மிதவை, கூட நாலு பேர், மூன்றும் வேண்டும். மெரினாவில் வேண்டவே வேண்டாம், உள்ளிழுக்கும் ஓட்டம் அதிகம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எந்தக் கடற்கரையும் வேண்டாம்.

இனி மனசு. சாம்பியன் மனசு எப்படி இருக்கும் என்று கேட்டால், என் வாட்ஸ்ஆப் குழுவில் உடனே ஒரு பழைய வீடியோ வரும். 1982 பிப்ரவரி, ஹவாய் அயர்ன்மேன், அதாவது முழு தூர ட்ரையத்லான். கல்லூரி ஆய்வுக்காக அந்தப் போட்டியில் இறங்கிய ஜூலி மாஸ், முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன் கால் மடிந்து விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போய் ஜெயித்தார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டபோது வித்தியாசம் 29 விநாடி. பார்த்தால் யாருக்கும் கண் கலங்கும், எனக்கும்தான். ஆனால் மருந்துக்கடைக்காரியாக எனக்கு அதில் தெரிவது தண்ணீரும் சத்தும் தீர்ந்த ஓர் உடம்பு. தவழ்ந்தது அவர் வீரம், சந்தேகமில்லை. நாம் பழக வேண்டியதோ தவழும் நிலைக்கு வராமல் இருப்பதை.

நான் பழகும் விதம் இது. போட்டியில் எது எது கெட்டுப்போகலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பயிற்சியிலேயே வேண்டுமென்று கெடுத்துப் பார்ப்பேன். நீச்சல் கண்ணாடியில் தண்ணீர் விட்டுக்கொண்டு 100 மீட்டர் நீந்துவேன். இருட்டில் விளக்கில்லாமல் சைக்கிள் டியூப் மாற்றுவேன். முதல் தடவை 40 நிமிடம் ஆயிற்று, விரலில் ரத்தம். இப்போது 9 நிமிடம். பயந்த விஷயம் நிஜத்தில் வரும்போது "ஐயோ" என்பதற்குப் பதில் "அடுத்து என்ன?" என்று மனசு கேட்கிறது. அந்தக் கேள்விக்குக் கைவசம் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவரில் பொன்மொழி ஒட்டிவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதிகாலை 4.20-க்கு அலாரம் அடிக்கும்போது பொன்மொழி ஞாபகத்துக்கு வராது. முந்தின இரவே கதவருகே எடுத்து வைத்த ஷூ கண்ணில் படும்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக. முதல் போட்டிக்கு லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. நான் செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட்டில்தான் ஓட்டினேன். உயரம் சரியாக அமைந்த சீட், நல்ல டயர், ஹெல்மெட் போதும். நிமிடத்துக்கு 80, 90 சுற்று பெடல் போடும் கியரில் ஓட்டுங்கள், முழங்கால் நன்றி சொல்லும். ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) விடியும் முன் போனால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். காதில் பாட்டு கூடாது. நாய் துரத்தினால் வேகம் கூட்டுவதைவிட இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்து நிற்பது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

சைக்கிளிலிருந்து இறங்கி உடனே ஓடினால் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். வாரம் ஒருநாள் சைக்கிள் முடிந்த கையோடு 15 நிமிடம் ஓடிப் பழகுங்கள். ஓட்டத்திலும் சைக்கிளிலும் ஐந்தில் நான்கு பங்கு நேரம் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகும் வேகம்தான் இருக்க வேண்டும். மீதி ஒரு பங்கில் மூச்சு வாங்கட்டும். ஆர்வக்கோளாறில் நான் இதைத் தலைகீழாகச் செய்து, குதிகால் தசைநாண் வீங்கி ஏழு வாரம் ஓடாமல் கிடந்தேன். அலுப்பு ஓட ஓடக் கலையும், காயத்தின் வலி ஓட ஓட ஏறும். ஏறினால் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போய்விடுங்கள்.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறும் இடத்தை யாரும் பழகுவதில்லை. ஹெல்மெட் கொக்கியை மாட்டிவிட்டுத்தான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும், மாறினால் அபராதம். முதல் போட்டியில் ஈரக் கை நடுங்கி அந்தக் கொக்கி மாட்டவே எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அப்புறம் மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, மகள் ஸ்டாப்வாட்ச் பிடிக்க, முப்பது தடவை ஒத்திகை பார்த்தேன். 4 நிமிடம் 10 விநாடியில் ஆரம்பித்து 1 நிமிடம் 35-க்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்.

சாப்பாட்டில் என் தொழில் அறிவு கொஞ்சம் உதவுகிறது. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயிற்சிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். நான் காலையில் இட்லி, வழியில் வாழைப்பழம், கடலை மிட்டாய். தண்ணீரில் கலக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ்ஸைப் பலர் எரிபொருள் என்று நினைக்கிறார்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்தான். அது உப்பையும் தண்ணீரையும் ஈடுகட்டும், பசிக்குப் போதாது. ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டக் கூடாது. எவ்வளவு குடிப்பது என்று தெரிய, ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. அதற்கு மேல் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்துவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் என் கடைக்கும் வருகிறார்கள். ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரையும் நீர் வற்றிய உடம்பும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.

கோவாவில் எனக்கு ஆன நேரம் நீச்சல் 58 நிமிடம், சைக்கிள் 3 மணி 40, ஓட்டம் 2 மணி 45, உடை மாற்ற 14 நிமிடம், ஆக 7 மணி 37 நிமிடம். எட்டரை மணி நேரக் கெடுவுக்குள் வந்துவிட்டேன். ஓட்டத்தின் ஐந்தாவது கிலோமீட்டரில், யாரோ கொடுத்த புது எனர்ஜி ஜெல்லை (சர்க்கரைக் கூழ்) ஆசைப்பட்டு விழுங்கி, சாலையோரம் வாந்தி எடுத்தேன். "அடுத்து என்ன?" நடந்தேன். இரண்டு மடக்கு தண்ணீர், சிட்டிகை உப்பு, ஒரு கிலோமீட்டர் நடை, பிறகு மெல்ல ஓட்டம். ஊருக்கு வந்ததும் நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினேன்: பயிற்சியில் சாப்பிடாததைப் போட்டியில் தொடாதே.

பணம் எதில் செலவழிக்கலாம் என்றும் கேட்பார்கள். நீச்சல் பயிற்சியாளருக்கு, ஓட்ட ஷூவுக்கு, நல்ல டயருக்கு. வாட்ச் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நீச்சல் கண்ணாடி மட்டும் இரண்டு வாங்குங்கள், ஒன்றின் வார் போட்டியன்று காலையில்தான் அறுந்துபோகும்.