கரைவலைக் குடியிருப்பின் வரலாற்றை எழுதி வைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரித் தீவிலும், பிளஃப் மேட்டின் அடிவாரத்து ஃபின்லாண்ட்ஸிலும் முன்பு இந்திய மீனவக் குடும்பங்கள் குடியிருந்தன. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்தபின் கடலை நம்பிய அந்த மக்களின் வரலாற்றை அவர்களுடைய பேரப்பிள்ளைகளே எழுதி வைக்க வேண்டும் என்று விரும்பி, அதற்கான வழியை இங்கே சொல்கிறேன்.

மூத்தவர்களிடம் முதலில் ஆண்டுகளைக் கேட்காதீர்கள்; வலையைப் பற்றிக் கேளுங்கள். “தாத்தா, கரைவலை எப்படி இழுப்பீர்கள்?” என்று கேட்டால் போதும். ஒரு நுனிக் கயிற்றைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டு, துடுப்புப் படகில் வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாகச் சுற்றி வந்து, மறுநுனியையும் கரை சேர்த்து, இரு பக்கத்தாரும் ஒரே சீராக இழுக்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது, அவருடைய விரல்கள் கயிற்றைப் பற்றுவதுபோல் தாமாகவே மடங்கும். மேட்டில் நின்று மீன்கூட்டத்தைக் கண்டு கைகாட்டியவர் யார், படகில் யார் இருந்தார், ஜூன், ஜூலையில் சார்டின் என்னும் மத்தி வகை மீன் கரையொதுங்கியபோது யாரெல்லாம் ஓடி வந்தார்கள் என்று அப்போதே தொடர்ந்து கேளுங்கள். பங்கு பிரித்த முறையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்: வலைக்கு உரியவருக்கு எவ்வளவு, இழுத்தவருக்கு எவ்வளவு, ஆண்துணையற்ற வீட்டுக்கு ஏதேனும் போனதா என்பதில்தான் அந்தக் குடியிருப்பின் குணம் இருக்கிறது. கருவாடு போட்டதையும் மீன் விற்றதையும் ஆயாக்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் அருகில் இருந்தால் பேச்சை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

பிறகு ஆவணங்களுக்கு வாருங்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்த 1,52,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பல் பதிவேடுகளில் எண்ணிட்டுப் பதியப்பட்டனர். தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர் ஆகியவையும் அவற்றில் உண்டு. அந்த எண்ணை வீட்டிலுள்ள பழைய பிறப்பு, திருமணச் சான்றுகளில் தேடுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்திலும் உதவி கேட்கலாம். பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாறுவீர்கள். முனுசாமி ‘மூன்சாமி’ என்றும், கவுண்டர் ‘கோவெண்டர்’ என்றும் ஆங்கிலத்தில் திரிந்திருக்கும்.

கடைசியாக இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைத் தளத்துக்காகச் சாலிஸ்பரித் தீவு கரையோடு இணைக்கப்பட்டது. 1961-இல் அந்தக் கடற்படைக் கட்டடங்களில் இந்தியருக்கான பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் டர்பன் இந்தியர்களைச் சாட்ஸ்வர்த் போன்ற, இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுக்குத் துரத்தியது. இன்று நேரில் போனாலும் பழைய வீடுகளைப் பார்க்க முடியாது என்பதால், இரண்டு மூத்தவர்களைத் தனித்தனியே பழைய குடியிருப்பின் படத்தை வரையச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். கோயிலையும், தண்ணீர் எடுத்த இடத்தையும், வலை உலர்த்திய இடத்தையும் முதலில் குறிக்கச் சொல்லுங்கள்; வீடுகள் ஒவ்வொன்றாக அவற்றைச் சுற்றி நினைவுக்கு வரும்.