ஆர்.ஓ. தண்ணீரில் மாடித்தோட்டம்: சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில், செடிகளைக் காப்பாற்ற ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறார்கள். இலை ஓரம் கருகுவது நிற்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூப்பதும் நிற்கும். ஆனால் சில வாரங்களில் வேறொரு தொல்லை வரும்: இலை வெளிறும், தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகும்.

ஆர்.ஓ. சவ்வு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீக்கிவிடுகிறது. சோடியமும் குளோரைடும் ஒழிவது நல்லதுதான். கால்சியமும் மெக்னீசியமும் அவற்றோடு சேர்ந்தே போய்விடுகின்றன. கடையில் வாங்கும் 19:19:19 உரத்தில் (தழை, மணி, சாம்பல் சத்துகள், அதாவது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் சம அளவில் உள்ள உரம்) இந்த இரண்டும் கிடையாது. எனவே ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பற்றி யோசிக்க வேண்டும்.

படி 1: அளந்து பாருங்கள்

ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து, அதில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் கருவி அது. கிணற்றுத் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் 500 பி.பி.எம். (லிட்டருக்கு 500 மில்லிகிராம்) அளவுக்குள் இருந்தால் பெரும்பாலான காய்கறிச் செடிகளுக்கு அதையே ஊற்றலாம், ஆர்.ஓ. தேவையே இல்லை. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். தரை கழுவ அது போதும், தொட்டிக்கு வேண்டாம்.

படி 2: முடிந்தால் கலந்து ஊற்றுங்கள்

செலவில்லாத வழி இதுதான். கிணற்றுத் தண்ணீர் 1200, ஆர்.ஓ. 40 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீருடன் நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீரைச் சேர்த்தால் ஏறக்குறைய 270 வரும். இழந்த கால்சியத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் உங்கள் கிணற்று நீரில் இருப்பது எந்த உப்பு என்று தெரிய வேண்டும். வாட்டர் ஹீட்டரிலும் குழாய் வாயிலும் வெள்ளைப் படிவு கெட்டியாகப் பிடிக்கிறது, சோப்பு நுரைக்கவில்லை என்றால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய உண்டு, கலக்கலாம். வாயில் வைத்ததும் கரிக்கிறது என்றால் சோடியம் மிகுதி, கலக்காதீர்கள். உப்புக் கொட்டி இயக்கும் மென்னீர்க் கருவியின் தண்ணீரும் உதவாது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத்தான் விடுகிறது.

படி 3: ஆர்.ஓ. மட்டும் என்றால், சத்துக் கரைசல்

10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு, காய்க்கும் பருவத்திலுள்ள தக்காளி, மிளகாய், கத்தரிக்கு நான் பரிந்துரைக்கும் அளவு: கால்சியம் நைட்ரேட் 5 கிராம், எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) 3 கிராம், 19:19:19 உரம் 5 கிராம். இந்த அளவில் லிட்டருக்கு ஏறக்குறைய 95 மில்லிகிராம் கால்சியமும் 29 மில்லிகிராம் மெக்னீசியமும் கிடைக்கும். கரண்டிக் கணக்கு வேண்டாம். கிராம் காட்டும் சிறு தராசில் நிறுத்துப் போடுங்கள். இரும்பு, துத்தநாகம், போரான் ஆகியவற்றுக்கு நுண்ணூட்டக் கலவையைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் சேருங்கள்.

கலக்கும் முறையில் கவனம் தேவை. முதலில் வாளி நிறையத் தண்ணீர். பிறகு எப்சம் உப்பைப் போட்டு முழுவதும் கரையுங்கள். அடுத்து 19:19:19. கடைசியில் கால்சியம் நைட்ரேட். மூன்றையும் ஒரு குவளைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து வைக்கவே கூடாது. கால்சியம், சல்பேட்டுடனும் பாஸ்பேட்டுடனும் சேர்ந்து சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிடும். வேருக்கு எதுவும் போய்ச் சேராது. கரைசல் பால்போல் கலங்கினால் ஊற்றாமல் புதிதாகக் கலக்குங்கள்.

இன்னொன்று: 19:19:19 உரத்தில் தழைச்சத்தின் பெரும்பகுதி யூரியாவாக இருக்கும். யூரியா மின்சாரத்தைக் கடத்தாததால் மீட்டரில் தெரியாது. எண் குறைவாக இருக்கிறதே என்று இன்னும் ஒரு கரண்டி போட்டுவிடாதீர்கள்.

படி 4: எதற்கு எவ்வளவு

நாற்றுக்கு இதில் கால் பங்குச் செறிவு, கீரைகளுக்குப் பாதி. மண்ணும் மண்புழு உரமும் கலந்த தொட்டிகளில் வாரம் ஒருமுறை பாதிச் செறிவு போதும். மற்ற நாள்களில் வெறும் தண்ணீர். தேங்காய் நார்க்கழிவில் மட்டும் வளர்த்தால் ஒவ்வொரு முறையும் கரைசலையே ஊற்ற வேண்டும். நார்க்கழிவு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால், அதில் பற்றாக்குறை சீக்கிரம் தெரியும்.

படி 5: இலையைப் பாருங்கள்

கால்சியம் செடிக்குள் இடம் மாறாது. அது குறைந்தால் கொழுந்து சுருண்டு, நுனி கருகும். தக்காளியில் காயின் அடி அழுகும். மெக்னீசியத்தைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். எனவே அடி இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, நடுப்பகுதி மட்டும் மஞ்சளாகும். அதே மஞ்சள் கொழுந்தில் தெரிந்தால் பெரும்பாலும் இரும்புக் குறை. மேலே பாருங்கள், கீழேயும் பாருங்கள். உரத்தைப் பிறகு எடுக்கலாம்.

படி 6: வடியும் நீரை அளந்து பாருங்கள்

மாதத்துக்கு இரண்டு முறை, கரைசல் தொட்டியின் அடியில் வடியும் வரை ஊற்றி, வடிந்ததை அளந்து பாருங்கள். ஊற்றியதைவிட மிக அதிகமாக இருந்தால் உப்புச் சேர்கிறது, ஆர்.ஓ. தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவிவிட்டு, அடுத்த முறை பாதிச் செறிவு கொடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் பைகார்பனேட் இல்லாததால் அமிலத்தன்மை எளிதில் ஏறும். வடியும் நீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் ஏற ஏற இது குறையும்) 5.5க்குக் கீழே போனால், கரிக்காத கிணற்றுத் தண்ணீரைச் சிறிது கலந்தாலே சரியாகிவிடும்.

மழைநீரும் சத்தில்லாத தண்ணீர்தான். பிடித்துவைத்த மழைநீருக்கும் இதே கணக்குப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகள் நாள்கணக்கில் நனைந்து வடிந்தால், மழை விட்டதும் ஒரு பாதிச் செறிவுக் கரைசல் கொடுத்துவிடுங்கள்.