டாஷ்போர்டும் லெதர் சீட்டும் பாழாகாமல் இருக்க: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

வாட்டர் வாஷுக்கு விட்டால் கடைசியில் டாஷ்போர்டில் பாலிஷ் தடவிப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில் பட்டு ஓட்டுபவரின் கண்ணைக் கூசவைக்கும், பிசுபிசுப்பில் தூசியும் சேரும். பாலிஷ் பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது வெயிலை.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சீட் 51 டிகிரி. நிழலில் நின்ற கார்களில் டாஷ்போர்டு 48, சீட் 41. கத்திரி வெயிலில் வேலூரும் திருத்தணியும் 40 டிகிரியைத் தாண்டும்போது நம் காருக்குள்ளும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

படி 1: நிழல்

மரநிழல் கிடைத்தால் நல்லது, பறவை எச்சத்தைப் பிறகு கழுவிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் முன் கண்ணாடிக்கு உள்பக்கம் சன்ஷேடு வையுங்கள், வெள்ளி நிறப் பக்கம் வெளியே பார்த்தபடி. முன் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும், பக்கக் கண்ணாடிகள் அந்த அளவுக்குத் தடுக்காது. அதனால் வண்டி நிற்கும்போது பக்கத்துக்கும் வலைத்திரை போடுங்கள். கறுப்பு ஃபிலிம் வேண்டாம். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டிருக்கிறது.

படி 2: சீட் உண்மையில் லெதர்தானா?

நம் ஊரில் ‘லெதர் சீட்’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை லெதரெட், அதாவது துணிமேல் பி.வி.சி. அல்லது பி.யூ. என்ற பிளாஸ்டிக்கைப் பூசிய செயற்கைத் தோல். கார் பிரசுரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் வெட்டு ஓரம் தெரிந்தால் அதுவே சொல்லிவிடும்: பின்பக்கம் துணி நெசவு இருந்தால் செயற்கை, நார் நாராக இருந்தால் தோல்.

லெதரெட்டுக்கு லெதர் கண்டிஷனர் (தோலை மிருதுவாக வைக்கத் தடவுவது) வாங்குவது வீண் செலவு, அது உள்ளே இறங்காது. அசல் தோலிலும் கார் சீட்டுக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. அந்தப் பூச்சைக் காப்பதுதான் முக்கிய வேலை.

படி 3: சுத்தம்

முதலில் வேக்குவம். தையல் இடுக்கில் மணல் தங்கினால், உட்காரும் ஒவ்வொரு தடவையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

டாஷ்போர்டுக்கு ஈரத்தை நன்றாகப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். அழுக்கு போகவில்லை என்றால் காருக்கான உட்புற கிளீனரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். நேரடியாக அடித்தால் சுவிட்சுக்குள்ளும் டச் ஸ்கிரீன் ஓரத்திலும் இறங்கிவிடும். ஏசி துவாரங்களுக்குப் பழைய பெயின்ட் பிரஷ் அருமையான கருவி.

சீட்டில் மிருதுவான பிரஷ்ஷும் லெதர் கிளீனர் நுரையும். வெயிலில் காய்ந்த சீட்டில் தொடங்காதீர்கள், ஆறட்டும். ஹெட்ரெஸ்டில் தேங்காய் எண்ணெய், கைவைக்கும் இடத்தில் வியர்வை, வெளிர் நிற சீட்டில் புது ஜீன்ஸின் நீலச்சாயம்: இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை துடைத்தால் கறை ஊறாது. நாள்பட்ட சாயம் சுலபத்தில் போகாது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பாத்திரம் தேய்க்கும் நார் எதுவும் கிட்டவே வரக் கூடாது. சின்னச் சின்னத் துளைகளோடு வரும் சீட்டில் நுரையைத் துணியில் எடுத்து ஒற்றுங்கள்.

படி 4: பூச்சு

காய்ந்த டாஷ்போர்டில் புற ஊதாத் தடுப்புள்ள, தண்ணீர் அடிப்படையிலான, பளபளக்காத (மேட் ஃபினிஷ்) பூச்சை மெல்லியதாகத் தடவி, மிச்சத்தை வேறு துணியால் துடைத்தெடுங்கள். ஸ்டீயரிங், பெடல் பக்கம் போகவே வேண்டாம், வழுக்கும். அசல் தோலுக்கு மட்டும் வருடத்தில் இரண்டு மூன்று முறை கண்டிஷனர்.

டாஷ்போர்டு மேல் வைக்கும் சாமான்கள்

வாசனை ஜெல் டப்பா கவிழ்ந்து கசிந்தால் பிளாஸ்டிக்கே வெந்து நிறம் மாறும். கப் ஹோல்டரில் வையுங்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை அன்று மாலையே துடைத்துவிடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. பிள்ளையாரை ஏர்பேக் மூடிக்கு மேல் ஒட்டாதீர்கள். ஏர்பேக் வெடித்தால் அவர் பறந்து வருவது முகத்துக்கு நேராக.

மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் எதிரி பூஞ்சை. நனைந்த குடையும் ஈர மிதியடியும் உள்ளே கிடந்தால், நாலு நாள் எடுக்காத காரில் சீட்டின் மேல் வெள்ளைப் படலம் வந்துவிடும். வந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு வெளியில் நிறுத்தித் துடையுங்கள், பிறகு கதவைத் திறந்து வைத்துக் காற்றாட விடுங்கள். மழை விட்ட நேரத்தில் கொஞ்சம் ஏசி போட்டு ஓட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் குறையும்.

சீட் கவர் போடுவதாக இருந்தால் முதலில் சீட்டின் வெளி ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஏர்பேக் விரியும்போது அந்த இடத்தில் பிரிந்துகொடுக்கும் தையலோடு தைத்த கவரையே கேளுங்கள். கடைக்காரர் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.